பாதியில் நின்ற பட்டமும் 69 கிரெடிட்டும்: நியூ ஜெர்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் கொஞ்ச காலம் கல்லூரிக்குப் போய், பட்டமும் வாங்காமல் சான்றிதழும் வாங்காமல் நின்றுபோனவர்கள், அதுவும் வேலை செய்கிற வயதில் இருப்பவர்கள் மட்டுமே, சுமார் 3.7 கோடி பேர் என்று, மாணவர் சேர்க்கை விவரங்களைத் திரட்டும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் 2024-ல் கணக்குச் சொன்னது. என் சித்தி மகளும் சில வருடம் அந்தக் கணக்கில் இருந்தவள்தான். நியூ ஜெர்சியில் வளர்ந்தவள், அங்கேயே ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடத்துக்கும் கொஞ்சம் மேலே படித்தாள், சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலையில் நல்ல பெயர். ஆனால் மேலே இருந்த பதவிக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் 'இளநிலைப் பட்டம் கட்டாயம்' என்ற ஒரு வரி வந்து நின்றது. அவளுக்குக் கீழே வேலை பழகியவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் அலுவலகமும் வேண்டாம் என்றாள், அதனால் விட்டுவிடுகிறேன். மற்றபடி பணம், கிரெடிட், மாதக் கணக்கு எல்லாவற்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். ஏனென்றால் 'வேகமாக, மலிவாகப் பட்டம்' என்று சொன்னாலே ஒரு பக்கம் மோசடி என்று ஒதுங்குகிறார்கள், இன்னொரு பக்கம் ஏதோ ஒரு தளத்தில் காசைக் கட்டிவிட்டு அகப்பட்ட பாடத்தையெல்லாம் முடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. இந்த வழி உண்மையானது, சட்டப்படியானது, ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மன்னிக்காது: எதை முதலில் செய்கிறோம் என்பதில்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அமெரிக்க இளநிலைப் பட்டம் என்றால் பெரும்பாலும் 120 கிரெடிட். ஒரு சாதாரணப் பாடம் 3 கிரெடிட், ஆக நாற்பது பாடம். இந்த 120-ஐயும் ஒரே கல்லூரியில் எடுக்க வேண்டியதில்லை, வேறு இடத்தில் எடுத்ததைக் கொண்டுவரலாம். எவ்வளவு கொண்டுவரலாம், எது எந்தக் கட்டத்தில் உட்காரும் என்பதைப் பட்டம் கொடுக்கும் கல்லூரி மட்டும்தான் முடிவு செய்யும். கிரெடிட்டைக் கொடுத்தவர் சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை. வாங்குபவர் சொல்வதுதான் கணக்கு.

இவள் முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நான்கு வருடக் கல்லூரிக்கு. 69 கிரெடிட் கையில் இருக்கிறது, இன்னும் 51 எடுத்தால் முடிந்தது என்று நம்பிப் போனாள். அங்கே டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பழைய கல்லூரியின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, பட்டத்துக்கு உதவுவது 48 மட்டும்தான் என்றார்கள். மீதி 21-ல் ஒரு பாடத்தில் டி கிரேடு, அது போகட்டும். மற்றதெல்லாம் ஏட்டில் 'பொது விருப்பப் பாடம்' என்று ஏறியது, ஆனால் அந்தப் பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கான இடம் ஏற்கனவே நிரம்பிவிட்டிருந்தது. அதாவது கிரெடிட்டை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அதனால் ஒரு பாடம்கூடக் குறையவில்லை. 'ஏற்றுக்கொண்டோம்' என்பதும் 'பட்டத்துக்குப் பயன்படும்' என்பதும் வேறு வேறு என்று அவளுக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

இது அவளுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஒரு அரசுக் கல்லூரியிலிருந்து இன்னொரு அரசுக் கல்லூரிக்குப் போனவர்களே 37 சதவீதம் இழந்திருக்கிறார்கள். லாப நோக்கக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போன சிறு கூட்டம் இழந்தது 94 சதவீதம். கடன் வாங்கிப் படித்த படிப்பு, இரவு விழித்து எழுதிய தேர்வு, எல்லாம் ஒரு அலுவலகத்தின் ஒற்றைக் காகிதத்தில் காணாமல் போகிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

அந்தக் கல்லூரியில் 72 கிரெடிட் மிச்சம். வேலை பார்த்துக்கொண்டு செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்றால் ஆறு வருடம். பணத்தைப் பார்த்தால், எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பின் கணக்கில் 2024-25 கல்வியாண்டுக்கு அரசு நான்கு வருடக் கல்லூரியில் உள்மாநில மாணவருக்குச் சராசரிக் கட்டணம் 11,610 டாலர். அந்தச் சராசரியை வைத்தே பெருக்கினாலும் 72 கிரெடிட்டுக்கு 27,000 டாலரைத் தாண்டும். இந்த நிலையில்தான் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள். நான் அவளிடம் கேட்டது, உனக்குப் பட்டம் எதற்கு வேண்டும் என்பதைத்தான். அலுவலகத்தில் பதவி உயர்வு, பின்னால் முடிந்தால் எம்பிஏ. குறிப்பிட்ட கல்லூரியின் பெயர் வேண்டுமா? வேண்டாம். லைசென்ஸ் எதுவும் தேவைப்படுகிற தொழிலா? இல்லை. சரி, அப்படியென்றால் வழி இருக்கிறது.

இந்த வழி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்போதுதான் இது நேற்று முளைத்த வியாபாரம் இல்லை என்று புரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் ராணுவத்தில் கற்றதைக் கல்லூரிக் கிரெடிட்டாக மதிப்பிட அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன், சுருக்கமாக ஏஸ், வழிகாட்டி தயாரித்தது. 1967-ல் காலேஜ் போர்டு கிளெப் தேர்வுகளைக் கொண்டுவந்தது: பாடத்தில் உட்காராமலே, தெரிந்ததைத் தேர்வில் காட்டி கிரெடிட் வாங்கலாம். அப்புறம் 1971-ல் நியூயார்க்கில் ரீஜென்ட்ஸ் எக்ஸ்டர்னல் டிகிரி திட்டம் (இன்றைய எக்செல்சியர் யூனிவர்சிட்டி), 1972-ல் நியூ ஜெர்சியில் தாமஸ் எடிசன், 1973-ல் கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக் என்று வரிசையாக மூன்று நிறுவனங்கள், பெரியவர்கள் வெளியே சேர்த்த கிரெடிட்டைத் திரட்டிப் பட்டமாக்குவதற்கென்றே தொடங்கப்பட்டன. இந்த வட்டத்தில் இருப்பவர்கள் இவற்றை இன்றும் 'பெரிய மூன்று' என்றுதான் சொல்கிறார்கள். 1997-ல் பத்தொன்பது மாநில ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி வேறொரு கதவைத் திறந்தது: ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் முடிக்கிறாயோ அது உன் சாமர்த்தியம்.

என் தங்கைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது யூனிவர்சிட்டி ஆஃப் மெய்ன் அட் பிரெஸ்க் ஐல். கனடா எல்லையை ஒட்டிய சிற்றூரில் 1903-ல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, இன்று மெய்ன் மாநில அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் ஒரு பகுதியாக இருப்பது. அங்கே 'யுவர்பேஸ்' என்று இணையவழித் திட்டம் ஒன்று இருக்கிறது. எட்டு வாரம் ஒரு பருவம், பருவத்துக்கு 2,000 டாலருக்கும் குறைவான ஒரே கட்டணம், அதற்குள் முடிக்கிற பாடத்துக்கெல்லாம் தனிக்காசு கிடையாது. 120-ல் 90 வரை வெளியிலிருந்து கொண்டுவரலாம், 30 அங்கேயே எடுக்க வேண்டும். மாநில அரசின் கல்லூரி, முறையான அங்கீகாரம். அவளுக்கு வேண்டிய பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனும் இருந்தது. வெஸ்டர்ன் கவர்னர்ஸும் பட்டியலில் இருந்தது, தாமஸ் எடிசன் அவள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் ட்ரென்டனிலேயே இருந்தது. ஆனால் அவளுடைய பழைய பாடங்கள் எங்கே அதிகமாகப் பட்டத்துக்குள் உட்காருகின்றன என்று பார்த்தபோது மெய்ன்தான் முன்னால் வந்தது. இன்னொருவருடைய டிரான்ஸ்கிரிப்டுக்கு வேறு கல்லூரி முன்னால் வரலாம், அதனால் இதைப் பார்த்து அப்படியே எடுக்காதீர்கள்.

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். எந்தக் கல்லூரி பட்டம் கொடுக்கப்போகிறது என்று முடிவு செய்யும் முன்னாலேயே மலிவுக் கிரெடிட்டை வாங்கிக் குவிப்பது, அளவெடுக்காமல் ரவிக்கை தைக்கக் கொடுப்பது போலத்தான். இணையத்தில் மலிவாகப் பாடம் விற்கும் சோஃபியா, ஸ்டடி.காம் போன்ற தளங்கள் கல்லூரிகள் இல்லை. அவற்றின் பாடங்களுக்கு ஏஸ் அமைப்பு பரிந்துரை கொடுக்கிறது. பரிந்துரை என்றால் பரிந்துரை மட்டும்தான், ஏற்றுக்கொள்ளச் சொல்லும் கட்டளை இல்லை. ஏற்கும் கல்லூரிகள் உண்டு, தொடவே தொடாத கல்லூரிகளும் உண்டு. இன்னொரு விஷயம், இந்த மலிவுப் பாடங்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு வருட நிலையில் உள்ளவை. பட்டத்துக்கு மூன்றாம், நான்காம் வருட நிலைப் பாடங்களும் வேண்டும். கீழ்நிலைக் கிரெடிட்டை மலைபோலக் குவித்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

அதனால் நாங்கள் பின்னாலிருந்து வந்தோம். அந்தக் கல்லூரியின் பட்டத் திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு தேவையையும் ஒரு எக்செல் தாளில் இடது பக்கம் எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் அவளிடம் ஏற்கனவே இருக்கும் பாடம் எது பொருந்தும் என்று குறித்தாள். காலியாக இருந்த இடங்களுக்கு எந்த சோஃபியா பாடம், எந்த கிளெப் தேர்வு என்று எழுதி, சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இவை இந்த இடங்களில் எண்ணப்படுமா என்று எழுத்தில் பதில் வாங்கினாள். போனில் சொன்னதை நம்பவில்லை. பதில் வந்த பிறகுதான் முதல் டாலரைச் செலவழித்தாள்.

நடுவில் ஒரு தடை. பழைய பல்கலைக்கழகத்தில் அவள் பெயரில் கட்டாமல் விட்ட சின்னக் கட்டணம் ஒன்று இருந்தது, அதைக் கட்டாமல் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப மாட்டோம் என்றார்கள். கட்டினாள், அனுப்பினார்கள். வருடக்கணக்காகப் படிப்புக்குத் திரும்பாமல் இருப்பவர்கள் முதலில் இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது. சிலருக்கு இந்தப் பாக்கி சின்னதாக இருப்பதில்லை.

மெய்ன் அவளுடைய 69-ல் 66-ஐ எடுத்துக்கொண்டது. டி கிரேடு வாங்கிய ஒரு பாடம் மட்டும் விழுந்தது. முதல் கல்லூரி 48 என்று சொன்ன அதே டிரான்ஸ்கிரிப்ட்தான் இது என்பதைக் கவனியுங்கள். 90-க்கு இன்னும் 24 வேண்டும். அதில் 21-ஐ சோஃபியாவில் எடுத்தாள்: ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், மேனேஜீரியல் அக்கவுண்டிங், மைக்ரோ, மேக்ரோ இரண்டு பொருளாதாரப் பாடங்கள், வணிகச் சட்டம், நிதியியல் அடிப்படை, புள்ளியியல். மாதம் 99 டாலர் சந்தா, ஒரே நேரத்தில் இரண்டு பாடம் திறந்து வைத்துக்கொள்ளலாம், முடிக்க முடிக்க அடுத்தது. மூன்று மாதம் ஆயிற்று, 297 டாலர். மிச்சம் 3 கிரெடிட்டுக்கு கிளெப்பில் மார்க்கெட்டிங் எழுதினாள். கிளெப் தேர்வு சுமார் ஒன்றரை மணி நேரம், 20-லிருந்து 80 வரை மதிப்பெண், 50 வாங்கினால் ஏஸ் பரிந்துரை கிடைக்கும். தேர்வுக் கட்டணம் நூறு டாலருக்கு நெருக்கமாக வரும். ஆனால் மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு அமைப்பின் இலவசப் பாடத்தை முடித்தால் அவர்களே அந்தக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறார்கள். அப்படித்தான் இவளும் எழுதினாள். கையிலிருந்து போனது ஒன்றுமில்லை. இந்த அமைப்பைப் பற்றித் தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் ஏராளம் இருக்கிறார்கள், நம் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சோஃபியா பாடங்களின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீடியோவும் வாசிப்பும் கொண்ட பகுதிகள், நடுநடுவே கேள்விகள், புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். அக்கவுண்டிங்கில் இவளுக்குத் திணறல் வந்தது, நன்றாகவே கற்றாள். புள்ளியியல் எனக்குத் திருப்தியாக இல்லை. கேள்விக்கு விடை கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும், புரியாமலேகூடக் கடந்துவிடலாம். அதனால் அந்தப் பாடத்துக்கு மட்டும் நூலகத்திலிருந்து ஒரு பாடப்புத்தகம் எடுத்து, பயிற்சிக் கணக்குகளைப் போடச் சொன்னேன். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு நிகழ்தகவு புரியாமல் கிரெடிட் மட்டும் கிடைத்து என்ன பயன்? கிரெடிட்டை வேகமாக எடுக்கலாம், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிரெஸ்க் ஐலில் 30 கிரெடிட், பத்துப் பாடம், மூன்று பருவம். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தாள். விடியற்காலை எழுந்து ஆபீஸ் கிளம்பும்வரை படிப்பாள், சனிக்கிழமை முழுநாளும் எழுதுவாள். இங்கே பல பாடங்களில் தேர்வைவிட எழுத்து வேலைதான் அதிகம்: ஒரு நிறுவனத்தை எடுத்து ஆராய்ந்து அறிக்கை எழுது, ஒரு திட்டத்துக்கு வரவுசெலவு போடு என்கிற மாதிரி. சில வருட அலுவலக அனுபவம் இங்கேதான் அவளுக்குக் கைகொடுத்தது. பத்தொன்பது வயதில் இந்தப் பாடங்களை எடுத்திருந்தால் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பாள், இப்போது தன் மேஜையில் நடப்பதை எழுதினாள். முதல் பருவத்தில் மூன்று பாடம்தான் முடிந்தது, பயந்துவிட்டாள். இரண்டாவதில் நான்கு. மூன்றாவது பருவம் ஜனவரியில் தொடங்கியது, அதில் மீதி மூன்று.

பருவங்கள் இப்படி இரண்டு காலண்டர் வருடங்களில் விழுந்தது தற்செயல் இல்லை. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 127-வது பிரிவுப்படி, ஒரு நிறுவனம் தன் ஊழியரின் படிப்புக்கு வருடத்துக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் அது ஊழியருக்கு வரியில்லாத பணம். கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எவ்வளவு என்பதும் நிறுவனத்தின் விருப்பம். இவள் அலுவலகத்தில் அந்தச் சலுகை இருந்தது, பல வருடமாக அவள் தொடவே இல்லை. முதல் இரண்டு பருவக் கட்டணம் ஒரு வருடக் கணக்கில், மூன்றாவது அடுத்த வருடக் கணக்கில் போனது. சோஃபியா சந்தாவுக்கு மட்டும் பணம் தர மறுத்தார்கள், அங்கீகாரம் பெற்ற கல்லூரிக்குத்தான் தருவோம் என்று. ஆக மொத்தச் செலவு 6,300 டாலருக்குள். அவள் கையிலிருந்து போனது சந்தா, பழைய பாக்கி, டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பும் கட்டணங்கள். சோஃபியாவில் முதல் பாடத்தைத் திறந்ததிலிருந்து பட்டம் வரை ஒரு வருடத்துக்குள் முடிந்தது.

இனி, யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில், எஃப்-1-ல் இருப்பவர்கள் முழுக்க இணையவழியில் படித்து விசாவைக் காப்பாற்ற முடியாது, ஒரு பருவத்தில் ஒரே ஒரு இணையப் பாடம்தான் அவர்களின் முழுநேரக் கணக்கில் சேரும். எச்-4-ல், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணையாக வந்து இருக்கும் நம் பெண்கள் இப்படிப் படிக்கத் தடையில்லை, ஊரில் முடித்த மூன்று வருட பிகாமுக்கும் பிஎஸ்ஸிக்கும் மதிப்பீடு வாங்கி கிரெடிட்டாகக் கொண்டுவரலாம், ஆனால் எந்த மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையை ஏற்போம் என்பதை அந்தக் கல்லூரியிடமே முதலில் கேட்க வேண்டும். இந்தியா திரும்பி அரசு வேலைக்கோ மேல்படிப்புக்கோ போகும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை, வெளிநாட்டு இணையவழிப் பட்டங்களுக்கு அங்கே சமத்தகுதி வாங்குவதில் நெடுங்காலமாகவே சிக்கல் உண்டு.

லைசென்ஸ் வேண்டிய தொழில் என்றால் பட்டத்தைவிட லைசென்ஸ் போர்டுதான் முக்கியம். எக்செல்சியரின் நர்சிங் படிப்பு முறையான அங்கீகாரம் பெற்றிருந்தது. அப்படி இருந்தும், கலிஃபோர்னியா நர்சிங் போர்டு 2003 டிசம்பர் 6-க்குப் பிறகு அதில் சேர்ந்தவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்தியது, மாநிலச் சட்டம் கேட்கும் நேரடி மருத்துவமனைப் பயிற்சி அதில் இல்லை என்று. கல்லூரி உண்மையானது, பட்டம் உண்மையானது, ஆனால் அந்த மாநிலத்தில் வேலை செய்ய முடியாது. ஆசிரியர், நர்ஸ், கணக்காளர் என்று போகிறவர்கள் தங்கள் மாநில போர்டிடம் கேட்காமல் ஒரு பாடம்கூடத் தொடக்கூடாது.

போலிக் கல்லூரிகளும் இருக்கின்றன. அனுபவத்துக்கே பட்டம், பாடமே இல்லை, கட்டணம் மட்டும் என்றால் விலகிவிடுங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் தளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பார்க்க நிமிடம் ஆகாது. மெய்னைத் தேர்ந்தெடுக்கும் முன் என் தங்கை முதலில் செய்தது அதைத்தான்.

பட்டம் வந்த அடுத்த மாதமே பதவிக்கு விண்ணப்பித்தாள். அலுவலகத்தில் பட்டம் உண்மையா என்று மட்டும் சரிபார்த்தார்கள், எந்தக் கிரெடிட் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வேலை கிடைத்தது. இப்போது எம்பிஏ பார்த்துக்கொண்டிருக்கிறாள், அங்கே கதை கொஞ்சம் வேறு. வெளியிலிருந்து வந்த 90 கிரெடிட்டும் கிரேடு இல்லாமல்தான் மெய்ன் டிரான்ஸ்கிரிப்டில் ஏறியிருக்கிறது, அதனால் அவளுடைய சராசரி அந்தக் கடைசிப் பத்துப் பாடத்தை மட்டும் வைத்துத்தான், அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் எம்பிஏ விண்ணப்பங்கள் இதுவரை படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்கின்றன. சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருந்த செமஸ்டரில் வாங்கிய அந்த டி-யும் சேர்ந்துதான் போகிறது, அதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.